எண்ணிக்கைக்கு நாங்கள், கையெழுத்துக்கு அவர்களா?

2008ஆம் வருஷம். எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு ஊருக்குப் போன அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் சித்தி ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டது.

“படிச்சவன்தானே நீ. காலனிக்கு இன்னா இன்னா வேணும்னு கேட்டு எழுதிக் குடு. பி.டி.ஓ. ஆபீசுல கேக்குறாங்க.”

சித்தி அப்போது ஊராட்சித் தலைவர். 2006 தேர்தலில் எங்கள் ஊராட்சி தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதுவரை கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்த சித்தி தலைவரானது. தலைவரான பிறகும் கரும்பு வெட்டப் போனது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தலைவர் பதவி சோறு போடாது.

அந்தக் காகிதம் பின்தங்கிய வட்டாரங்களுக்கான மானிய நிதி பற்றியது. ஆபீசில் பி.ஆர்.ஜி.எஃப். என்பார்கள். 2007இல் மத்திய அரசு தொடங்கியது. இந்தியா முழுக்க 250 மாவட்டங்கள். தமிழ்நாட்டில் ஆறு: விழுப்புரம், கடலூர், நாகப்பட்டினம், திருவண்ணாமலை, திண்டுக்கல், சிவகங்கை. மற்ற திட்டங்களைப் போலச் சென்னையிலோ டெல்லியிலோ முடிவுசெய்து, ‘இந்தா, இதைக் கட்டு’ என்று அனுப்புகிற பணம் அல்ல இது. கிராமசபை கூடி, எங்கே குறை இருக்கிறதோ அதற்குத் திட்டம் போட வேண்டும். ஊராட்சிகளும் நகராட்சிகளும் போட்ட திட்டங்களை மாவட்டத் திட்டக் குழு தொகுக்க வேண்டும். பிறகு பணம் வரும். வட்டாரத்தின் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த உள்ளாட்சி வழியாக முதலீடு. சொல்வதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது!

மூன்று ராத்திரி சேரியில் உட்கார்ந்து கேட்டு எழுதினேன். முதலில் ஒருத்தரும் வாயே திறக்கவில்லை. ‘நீயா பாத்து எழுதுப்பா’ என்றார்கள். காலம் காலமாக யாரோ பார்த்து யாரோ எழுதியதை வாங்கிப் பழகியவர்கள். இரண்டாவது ராத்திரிதான் பேச்சு வந்தது. பஞ்சமி நிலத்தில் எஞ்சியிருக்கிற கொஞ்சம் நஞ்சத்துக்கு ஒரு ஆழ்துளைக் கிணறு. நெல் அடிக்கச் சேரிப் பக்கம் ஒரு களம். பால் ஊற்ற ஊர்த்தெருவுக்குள் போய் நிற்காமல் இருக்க இங்கேயே ஒரு பால் சேகரிப்பு நிலையம். கரும்பு வெட்டு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்காமல் பிழைக்க ஏதாவது ஒரு தொழிலுக்குக் கொட்டகை. நல்ல தமிழில், அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எம்.ஏ. படித்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு பயன் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் கழித்து ஒப்புதலாகி வந்த பட்டியலில் எங்கள் வரி ஒன்றுகூட இல்லை. ஊருக்குக் களம். ஊருக்கு வடிகால். ஏரி மதகிலிருந்து ஊர் நிலத்துக்குப் போகிற வாய்க்காலுக்குக் கரை. சேரிக்கு? சுடுகாட்டுப் பாதைக்குச் சிமெண்ட்.

எதிர்வீட்டு ஆயா அதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: “செத்தவனுக்கு ரோடு போட்டுட்டான். பொழைக்கிறவனுக்கு இன்னாடா போட்டான்?”

இதற்கு மேல் ஒரு பொருளாதார விமர்சனத்தை இன்றுவரை நான் படித்ததில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஆயாவின் கேள்விக்கு விளக்கம்தான்.

*

முதலில் ஒன்றைக் கேட்போம். எங்கள் மாவட்டம் பின்தங்கிய மாவட்டம் என்று எப்படித் தெரிந்தது?

2003இல் திட்டக் கமிஷன் அமைத்த குழு ஒன்று, நாட்டில் எந்தெந்த மாவட்டம் பின்தங்கியது என்று வரிசைப்படுத்தியது. அதற்கு மூன்று அளவுகோல்கள். ஒன்று, ஒரு விவசாயத் தொழிலாளியின் உழைப்பில் விளைவதன் மதிப்பு. இரண்டு, விவசாயக் கூலி. மூன்று, மக்கள்தொகையில் தலித்துகளும் பழங்குடிகளும் எத்தனை பேர் என்ற விகிதம். 2006இல் வேலை உறுதித் திட்டம் முதல் கட்டமாக 200 மாவட்டங்களில் வந்தபோது தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்டதும் இதே ஆறு மாவட்டங்கள்தான்.

அந்த மூன்றையும் இன்னொரு தடவை படியுங்கள் தோழர்களே. குறைந்த கூலி யாருடைய கூலி? விளைச்சல் கணக்கில் குறைவாக வருகிற உழைப்பு யாருடையது? மூன்றாவதற்கு விளக்கமே வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் தலித்துகள் 20 சதவீதம். விழுப்புரத்திலும் கடலூரிலும் 29 சதவீதத்துக்கு மேல், நாகப்பட்டினத்தில் 31 சதவீதத்துக்கு மேல். வட்டாரத்தின் வறுமை என்று டெல்லி அளந்தது சேரியின் வறுமையை. ஊருக்குள் மாடி வீடும் டிராக்டரும் வைத்திருக்கிறவனை எண்ணியிருந்தால் இந்த மாவட்டம் பின்தங்கியிருக்காது. எங்களை எண்ணியதால்தான் பின்தங்கியது. எங்களை எண்ணியதால்தான் பணம் வந்தது.

வந்த பணம் எப்படிப் பிரிந்தது? ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வருஷத்துக்குக் குறைந்தது 10 கோடி. அதற்கு மேல் இருப்பதில் பாதி மக்கள்தொகையைப் பார்த்து, பாதி பரப்பளவைப் பார்த்து. வறுமையைப் பார்த்து அல்ல. வாசலில் நுழையும்போது எங்கள் தலையை எண்ணினார்கள். உள்ளே வந்து பந்தி போட்டபோது ஏக்கரை எண்ணினார்கள். ஏக்கர் யாரிடம் இருக்கிறது?

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்தத் திட்டத்தின் விதிகளில், ஊராட்சி தன் திட்டத்துக்குள்ளேயே தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் தனியாகத் துணைத் திட்டம் காட்ட வேண்டும், அது அவர்கள் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையக்கூடாது என்றும் இருந்தது. காகிதத்தில் குறையே சொல்ல முடியாது. எங்கள் ஊராட்சியிலும் காட்டினார்கள். சுடுகாட்டுப் பாதையைக் காட்டினார்கள். ஊர்ச்சாலை ஒன்று கடைசி நூறு அடியில் எங்கள் பக்கம் திரும்புகிறது. அந்த மொத்தச் சாலையையும் எங்கள் கணக்கில் எழுதினார்கள். விகிதம் சரியாக வந்துவிட்டது. கணக்குப் பிள்ளையின் பேனா சாதியை ஒழித்துவிட்டது!

இது எங்கள் ஊராட்சியில் மட்டும் நடந்த கூத்து அல்ல. தலித்துகளுக்கான சிறப்புக் கூறுகள் திட்டம் 1979-80இல் தொடங்கியது. மக்கள்தொகை விகிதத்துக்குத் தகுந்த பணத்தைத் தனியாக ஒதுக்க வேண்டும், அதை வேறு எதற்கும் திருப்பக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. 2010இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது. அந்தப் பணத்தில் 600 கோடி ரூபாய்க்கு மேல் விளையாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதை உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். தலைநகரத்தில் மைதானம், எங்கள் ஊரில் சாலையின் கடைசி நூறு அடி. தொகைதான் வேறு. கை ஒன்றுதான். இந்த ஒதுக்கீட்டுக்கென்று ஆந்திரம் 2013இல் சட்டம் போட்டது. சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை பேசுகிற தமிழ்நாட்டில் சட்டம் வர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

*

முதலீடு என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம்.

வகுப்பில் தொல்காப்பியம் நடத்தும்போது முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கினேன். ஊருக்கு வந்து பார்த்தபோதுதான் அர்த்தம் புரிந்தது. முதலீட்டுக்கும் முதல் அவை இரண்டும்தான். எங்களிடம் நிலம் இல்லை. பொழுதையோ மேஸ்திரியின் முன்பணத்துக்கு அடகு வைத்திருக்கிறோம். முதற்பொருளே இல்லாதவர்களுக்கு முதலீடு என்று சிமெண்டைக் கொண்டுவந்து கொட்டினால் என்ன ஆகும்? சிமெண்ட் இறுகும். வேறொன்றும் ஆகாது.

ஊருக்குப் போட்ட களமும் வாய்க்காலும் மறுவருஷமே பணமாகத் திரும்பி வருகிறது. விளைச்சல் கூடுகிறது, நிலத்தின் விலை கூடுகிறது. அது முதலீடு. சேரிக்கு வருவது தெருவிளக்கு, சமுதாயக்கூடம், சுடுகாட்டுப் பாதை. அது திரும்பி வராது. அதனால்தான் அதற்கு நலத்திட்டம் என்று பெயர். ஒரே பணம், ஒரே தாள். ஊருக்குப் போனால் முதலீடு, சேரிக்கு வந்தால் செலவு. பிறகு பத்து வருஷம் கழித்து ஒருவர் வந்து கேட்பார்: ‘உங்களுக்கு எவ்வளவோ செஞ்சாங்களே, நீங்க ஏன் இன்னும் முன்னேறல?’

சுடுகாட்டுப் பாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிணத்தை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோக விடாமல், வயல் வரப்பில் இடுப்பளவுத் தண்ணீரில் சுமந்துபோன சனம் நாங்கள். அந்தப் பாதைக்காக அடி வாங்கியிருக்கிறோம். ஆனால் அது உரிமை. அதை எந்தக் காலத்திலோ எந்தக் கணக்கிலோ தந்திருக்க வேண்டும். எங்களை எண்ணி வாங்கி வந்த வளர்ச்சிப் பணத்தில் அதைப் போட்டுவிட்டு, ‘பங்கு கொடுத்தாச்சு’ என்று கணக்கை மூடுவது அயோக்கியத்தனம்.

நிலத்தைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். 1892இல் வெள்ளைக்காரன் காலத்தில் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் மேல் 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் உயிரைக் கொடுத்தார்கள். அதனால்தான் சேரிக்கான திட்டத்தில் நிலம் என்ற சொல் வருவதே இல்லை. சமுதாயக்கூடம் வரும். நூறு சமுதாயக்கூடம் வேண்டுமானாலும் வரும்.

*

இனி கையெழுத்துக்கு வருகிறேன்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. அதன்படி ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போட வேண்டும். ஊழலைத் தடுக்கவாம். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பான்மை வார்டு யாருடையது? ஊருடையது. ஆக, ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் முதல் கையெழுத்து சேரிக்கு, இரண்டாவது கையெழுத்து ஊருக்கு. இரண்டாவது இல்லாமல் முதலாவது வெறும் கிறுக்கல்.

எங்கள் சித்திக்கு நடந்தது அதுதான். சேரிக்கு எழுதின கிணறும் பால் நிலையமும் பட்டியலிலிருந்து எப்படிக் காணாமல் போயின? துணைத் தலைவர் மூன்று மாதம் எந்தக் காசோலையிலும் கையெழுத்துப் போடவில்லை. தண்ணீர் மோட்டார் ரிப்பேருக்குப் பணம் இல்லை. குப்பை அள்ளுகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களும் நம் சனம். குழாயில் தண்ணீர் வராதபோது குடத்தைத் தூக்கிக்கொண்டு தலைவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள், துணைத் தலைவர் வீட்டுக்குப் போக மாட்டார்கள். நாலாவது மாதம் சித்தி ஊர் எழுதிக் கொடுத்த பட்டியலில் கையெழுத்துப் போட்டது. மறுநாள் எல்லாக் காசோலையிலும் இரண்டாவது கையெழுத்து விழுந்தது.

நான் அன்றைக்குச் சித்தியிடம் சண்டை போட்டேன். “பயந்துட்டியா?” என்று கேட்டேன். அது நிதானமாகச் சொன்னது:

“நீ மெட்ராசுக்குப் பூடுவ. நாளைக்கு நான் எந்தக் கொல்லியில கூலிக்கு நிக்கறதுன்னு நீ சொல்லு, கையெழுத்த வாபஸ் வாங்கிக்கிறேன்.”

பதில் சொல்ல முடியவில்லை. துணைத் தலைவரின் கரும்புத் தோட்டத்தில் கூலி வாங்குகிறவள் எப்படி அவருக்கு மேல் தலைவராக இருக்க முடியும்? நாற்காலி கொடுத்த சட்டம் நிலம் கொடுக்கவில்லை. அந்த நாற்காலிகூடப் பல இடங்களில் இல்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை நாடே பார்த்தது. 2022இல் சுதந்திர தினத்துக்கு முன்னால், தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பாருங்கள் என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தரையில் உட்கார வைக்கப்பட்டவரின் திட்டம் எப்படி மேசை மேல் ஏறும்?

இதற்கும் முன்னால் மேலவளவு இருக்கிறது. 1997 ஜூன் 30. தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996இலிருந்து 2006 வரை தலைவரையே உட்கார விடவில்லை. ஏதோ கௌரவப் பிரச்சினை, சாதித் திமிர் என்று மட்டும் இதை எழுதுகிறார்கள். திமிர்தான், ஆனால் வெறுந்திமிர் அல்ல. ஏரி மீன் குத்தகை, பொதுமரம், புறம்போக்கு, வேலைக் காண்டிராக்ட், மானியப் பணம் எல்லாம் அந்த நாற்காலி வழியாகத்தான் போகின்றன. ஊராட்சியின் கஜானாச் சாவியைச் சேரிக்காரன் கையில் பார்க்கச் சகிக்காமல் நடந்த கொலை அது. கொல்ல முடியாத இடத்தில் இரண்டாவது கையெழுத்தை வைத்துக்கொண்டார்கள்.

ஊராட்சியைத் தாண்டி மேலே போனாலாவது நியாயம் உண்டா? 1992இல் நிறைவேறிய 73, 74ஆம் திருத்தங்கள் ஊராட்சி, நகராட்சிப் பதவிகளில் இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கின. ஆனால் எல்லாத் திட்டங்களையும் தொகுக்கிற மாவட்டத் திட்டக் குழுவைப் பற்றிய 243 இசட்.டி. பிரிவைப் படித்துப் பாருங்கள். தலித்துகளுக்கு இடம் என்று ஒரு வரியும் இல்லை. தலையாட்டுகிற இடத்தில் இடஒதுக்கீடு, முடிவெடுக்கிற இடத்தில் இல்லை.

*

இதையெல்லாம் பேசினால் இரண்டு பக்கமிருந்து அடி விழும்.

இடதுசாரி நண்பர்கள் சொல்வார்கள்: ‘வட்டாரம் வளர்ந்தால் எல்லாரும் வளர்வோம். வாய்க்காலுக்குக் கரை கட்டினால் உங்களுக்கும்தானே வேலை. சாதி பேசி வளர்ச்சியைப் பிரிக்காதீர்கள்.’ நண்பர்களே, வேலை கிடைத்தது உண்மை. கரை கட்டக் கல் சுமந்தது நாங்கள்தான். அந்தக் கரைக்குள் ஓடுகிற தண்ணீர் எங்கள் பக்கம் வரவில்லை என்பதுதான் பிரச்சினை. வட்டாரம் என்று ஒன்று இல்லை. ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது. அந்த இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்து அதற்கு வட்டாரம் என்று பேர் வைத்தவர்கள் நீங்கள். பிரித்தது நாங்கள் அல்ல.

நம் தோழர்களில் சிலர் சொல்வார்கள்: ‘ஊராட்சியே சாதிக் கிடங்கு. அண்ணல் 1948 நவம்பர் 4ஆம் தேதியே அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்ததை வரவேற்றுப் பேசினாரே. அப்புறம் ஏன் ஊராட்சியைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?’ அண்ணல் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் சித்தியின் நாலு மாதமே அதற்குச் சாட்சி. ஆனால் அந்தக் கிடங்குக்குள்தான் இப்போது பணம் வந்து விழுகிறது. வெளியில் நின்று வெறுத்துக்கொண்டிருந்தால் கிடங்கு அவர்களுடையதாகவே இருக்கும். கிராமத்தைப் போற்றுவதற்கு உள்ளே போகச் சொல்லவில்லை. கணக்குக் கேட்கப் போகச் சொல்கிறேன்.

அந்த மானிய நிதி 2015இல் நின்றுபோனது. மாநிலங்களுக்கு அதிகப் பங்கு கொடுத்துவிட்டோம், இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மத்திய அரசு கழன்றுகொண்டது. அடுத்த வருஷமே ஊராட்சிகளின் பதவிக்காலமும் முடிந்தது. 2016 கடைசியிலிருந்து 2019 கடைசிவரை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே கிடையாது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களிலும் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு காலம் முடிந்து, பொறுப்பு மறுபடியும் தனி அலுவலர்களிடம் போனது. ஊராட்சி இருந்தால் இரண்டாவது கையெழுத்து அவர்களுடையது. ஊராட்சி இல்லாவிட்டால் இரண்டு கையெழுத்துமே நம்முடையது இல்லை.

பேர் மாறும். நாளைக்கு வேறொரு நிதி, வேறொரு மூன்றெழுத்து வரும். அப்போதும் நம்மைத்தான் எண்ணுவார்கள். ஆகவே இப்போதே கேட்போம்.

திட்டம் போடும் கூட்டம் சேரியில் நடக்க வேண்டும். சேரி போட்ட பட்டியலை வெட்டினால், வெட்டியது யார், ஏன் என்று அந்தச் சேரியிலேயே வந்து படித்துக் காட்ட வேண்டும். ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் துணைத் தலைவரின் கையெழுத்துக்கு இருக்கிற தடுப்பு அதிகாரத்தை எடுக்க வேண்டும். காரணம் எழுதாமல் கையெழுத்தை நிறுத்தினால் வன்கொடுமையாகக் கருதி வழக்குப் போட வேண்டும். மாவட்டத் திட்டக் குழுவில் எங்கள் விகிதத்துக்கு இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் பங்கு நிலமாக, கிணறாக, மாடாக, பட்டறையாக வர வேண்டும். அடுத்த வருஷம் திரும்பி வருகிற பொருளாக வர வேண்டும். சாலையையும் விளக்கையும் எல்லாருக்கும் போடுகிற பொதுக் கணக்கில் போடுங்கள்.

சித்தியின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. இன்னும் கரும்பு வெட்டப் போகிறது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, நான் 2008இல் எழுதிக் கொடுத்த பட்டியலின் நகலை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டியது. மடிப்பில் கிழிந்திருக்கிறது.

“இதத் தூக்கிப் போட்டுடாத. மறுபடியும் கேப்பாங்க இல்ல?” என்றது.

கேட்பார்கள் சித்தி. இந்தத் தடவை பட்டியலை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது.